உறையாத அமைதி

மார்கழி பிறந்துவிட்டால் உதகையின் புல்வெளிகள் வெண்மை பூண்டு விடிகின்றன. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில், தலைகுந்தாவிலும் காந்தளிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும், இரவோடு இரவாக யாரோ உப்பை அள்ளித் தூவியதுபோல் உறைபனி படிந்திருக்கிறது. குனிந்து ஒரே ஒரு புல்லைப் பார்த்தால் போதும். அதன் விளிம்பு நெடுக ஊசி ஊசியாய்ப் படிகங்கள். விரலால் தொட்டால், தொட்ட இடம் மட்டும் ஈரமாகி மீண்டும் பச்சையாகிறது.

இந்த வெண்மை வானத்திலிருந்து விழுந்ததன்று. புல்லின் மேலேயே பிறந்தது. பகலெல்லாம் கதிரவனிடம் பெற்ற வெப்பத்தை இரவில் பூமி வெளியே விடுகிறது. மேகம் கவிந்திருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். மேகமில்லாத இரவில், போன வெப்பம் போனதுதான். காற்று வீசினால் மேலே இருக்கும் வெதுவெதுப்பு கீழே கலந்து சற்றே காப்பாற்றும். காற்றும் ஓய்ந்துவிட்டால், புல் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. ஆளுயரத்தில் வெப்பமானி 3 பாகை காட்டும்போதே, புல்லின் மேற்பரப்பு 0 பாகைக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அப்போது காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் உலவும் நீராவி, நீராகாமலே நேராகப் பனிப் படிகமாகி அங்கே ஒட்டிக்கொள்கிறது.

தெளிந்த வானம். அசையாத காற்று. ஓசையற்ற இரவு. தியானத்தில் அமரும்போது நாம் தேடுவதெல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனாலும் விடிந்தபின் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கிறது. இதை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அசைவின்மை மட்டுமே அமைதியாகிவிடுமா?

அதே அசையாத இரவில், அதே நீராவி, சற்றே வெப்பம் மிஞ்சிய புல்லின் மேல் பனித்துளியாய்த் திரள்கிறது. குளிர்ந்து இறுகிய புல்லின் மேல் உறைபனியாய்ப் படிகிறது. வந்தது ஒன்றுதான். இரவும் ஒன்றுதான். ஏற்றுக்கொண்ட இடத்தில் எவ்வளவு வெப்பம் மிஞ்சியிருந்தது என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாடும் ஓரிரு பாகைகளே.

நம் உள்ளத்திலும் இந்த இரண்டு அமைதிகளும் உண்டு. சில நாட்களில் கோபம் வருவதில்லை, கண்ணீர் வருவதில்லை, எதிலும் ஆசை எழுவதில்லை. பக்குவம் வந்துவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் அன்பாய் ஒருவர் பேசிய சொல்கூட அன்று நம்மேல் பட்டு இறுகிப்போகிறது. பற்றை விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அன்பை விட்டிருக்கிறோம். சலனமில்லை, உண்மைதான். உயிர்ப்பும் இல்லையே. மெய்யான அமைதியில் மனம் அசையாமல் இருக்கும், இளகியும் இருக்கும்.

அப்படியானால் உள்ளத்தின் வெப்பம் எங்கே போயிற்று? எட்டாத தொலைவுகளை நோக்கித்தான் போயிற்று. இன்னும் கிடைக்காத பொருளின்மேல், பிறர் சொல்லாத பாராட்டின்மேல், கடந்துபோன நாட்களின்மேல் நாம் ஓயாமல் நம்மை இறைத்துக்கொண்டே இருக்கிறோம். ஆசை ஒரு திறந்த வானம். எவ்வளவு கொடுத்தாலும் அது திருப்பித் தருவதில்லை. கொடுத்துக் கொடுத்து, கடைசியில் அருகில் இருப்பவருக்குத் தர நம்மிடம் ஒரு துளிச் சூடும் மிஞ்சுவதில்லை.

நீலகிரியின் தேயிலை விவசாயிகள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். உறைபனிக் காலத்தில் தாகைச் செடிகளை வெட்டி வந்து, தேயிலைச் செடிகளின் மேல் பரப்பி மூடுகிறார்கள். தாகை எந்தச் சூட்டையும் வெளியிலிருந்து கொண்டுவருவதில்லை. மண்ணிலும் செடியிலும் ஏற்கெனவே இருக்கும் வெப்பம் ஓடிவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஜபமும் மௌனமும் பிரார்த்தனையும் நமக்குச் செய்வது இதையேதான். அவை புதிதாக ஓர் அன்பை நமக்குள் ஊற்றுவதில்லை. உள்ளே எப்போதும் இருக்கிற அன்பு சிதறிப்போகாமல் போர்த்திக் காக்கின்றன. தேடி எங்கும் போக வேண்டியதில்லை. இருப்பதைக் காத்தால் போதும்.

ஏற்கெனவே உறைந்துவிட்டதே என்று வருந்தவும் வேண்டாம். உறைந்த இலையின் மேல் காலை வெயில் சுள்ளென்று பட்டால் அது மேலும் வாடும். அதனால்தான் உதகை தாவரவியல் பூங்காவில் வெயில் ஏறுமுன்பே புல்தரைக்குத் தண்ணீர் தெளித்துப் பனியை மெல்லக் கரைக்கிறார்கள். உறைந்த மனத்தையும் அப்படியே அணுகுவோம். ஏன் இப்படி ஆனாய் என்று அதைச் சுட வேண்டாம். மெல்ல, பொறுமையாக, சிறு சிறு கனிவுகளால் இளகவிடுவோம்.

இன்றிரவு கண்களை மூடுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்: இன்று நான் கண்ட அமைதியில் இன்னொருவருக்கு இடம் இருந்ததா? இருந்தது என்றால் நாம் சரியான வழியில்தான் நடக்கிறோம். இல்லை என்றாலும் அஞ்ச வேண்டாம், ஓரிரு பாகைகள்தான் குறைகின்றன. பேசாமல் விட்ட ஒருவரிடம் நாளை நலம் விசாரிப்போம். வீட்டில் ஒருவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்போம். உள்ளம் இளகுவதற்கு அது போதும். இளகிய உள்ளத்தில் அமைதி தானாகவே வந்து தங்கும்.