மடிப்பும் மனையும்

புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் பிற்பகல் மழை கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும். ஜெராய் மலையின் பக்கம் வானம் கறுத்த சிறிது நேரத்திற்கெல்லாம் தகரக் கூரைகளின்மேல் பறை முழங்குவது போன்ற ஓசை எழும். வீட்டுக்குள் பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்திக்கொள்வர். வாய்விட்டுப் பாடம் படிக்கும் பிள்ளை, தன் குரல் தனக்கே கேளாமல் புத்தகத்தை மூடி வைக்கும். மழையை மட்டுமன்று, வெயிலையும் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர் அக்கூரையின் வழியாகவே அறிந்தனர். விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டின் நிழலில் உழைத்தவர்கள் நண்பகலில் வீடு திரும்பினால், காட்டைவிட வீடே வெம்மையாக இருக்கும்.

அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துச் சலித்துக்கொண்டவர் பலர். அஃது ஏன் அவ்வாறு நெளிநெளியாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலராகவே இருந்திருப்பர். அந்நெளிவு அழகுக்காக ஏற்பட்டதன்று. மெல்லிய பொருள் ஒன்றை மடித்து, அம்மடிப்பினாலேயே அதற்கு வலிமை தந்து, அதனடியில் மனிதர் தங்குவதற்கு ஓர் இடத்தை உண்டாக்கும் பழைய அறிவு அதில் அடங்கியுள்ளது. அதே அறிவு வேறொரு கையில் நாடே பெருமைப்படும் மண்டபமாகவும் நின்றிருக்கிறது. ஓரிடத்தில் நிழலாகவும் ஓரிடத்தில் அனலாகவும் அது முடிவது எதனால்? வடிவத்தில் குற்றமில்லை, பயன்படுத்தியவரே பொறுப்பு என்று சொல்லி விலகிவிடலாமா? அன்றி, இடத்தை வகுப்பவரின் கடமை கூரை விழாமல் நிற்பதோடு முடியாமல், அதனடியில் வாழ்பவரின் மூச்சு வரை நீள்கிறதா?

மடிப்பின் கணக்கு எளியது. ஒரு வெள்ளைத்தாளை இரண்டு புத்தகங்களுக்கிடையே பாலம்போல் வைத்தால் தன் எடையையே தாங்காமல் நடுவில் தொய்ந்துவிடும். அதே தாளை விசிறி மடிப்பாக மடித்து வைத்தால் அதன்மேல் ஓர் எழுதுகோலை ஏற்றலாம். கை நடுங்காமல் வைத்தால் ஒரு சிறு நூலையும் ஏற்றலாம். தாளில் ஓர் இழையும் கூடவில்லை. கூடியது உயரம் ஒன்றே. ஒரு பலகையின் தடிமன் இரு மடங்கானால் அது வளைவை எதிர்க்கும் திறன் எட்டு மடங்காகும் என்பது பொறியியலார் அறிந்த விதி. மடிப்பு, பொருளைக் கூட்டாமலேயே அந்த உயரத்தைக் கூட்டித் தருகிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓரங்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாவிட்டால், பாரம் ஏறியவுடன் மடிப்புகள் அகன்று தாள் பழையபடி தட்டையாகிவிடும். ஆகவே மடிப்புத் தகட்டுக் கூரை எழுப்புவோர், அதன் முனைகளை இறுகப் பிடிக்கும் சுவரையோ சட்டத்தையோ முதலில் எண்ணுவர்.

தாள் மடிப்பதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளுவோர் தண்டலம் சுந்தரராவ் என்பவரை அறிதல் நன்று. சென்னை மாகாணத்து அரசுப் பணியில் இருந்த அவர், தாள் மடிப்பின் மூலமாகவே வடிவக் கணிதத்தைக் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893-இல் சென்னையில் வெளியிட்டார். மழலையர் பள்ளிக்கென ஃபிரோபெல் வகுத்த மடிப்புப் பயிற்சியே அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் க்ளைன் அந்நூலைச் சுட்டிக் காட்டவே, அது மேனாட்டார் கண்ணில் பட்டு 1901-இல் சிக்காகோவில் மறுபதிப்புக் கண்டது. சிக்காகோ அறிந்த அப்பெயர் தமிழ்ப் பள்ளிகளில் அரிதாகவே கேட்கப்படுகிறது என்பது தனி வருத்தம்.

பின்னர் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1923 முதல் 1933 வரை கற்பித்த யோசப் ஆல்பர்ஸ், மாணவர் கையில் வெறும் தாளைக் கொடுத்து, அத்தாளின் இயல்புக்கு ஏற்ற ஒன்றைச் செய்து காட்டச் சொல்வார். கோட்டையும் கப்பலும் செய்தவர்களைவிட, ஒரு நாளிதழை நீளவாக்கில் மடித்து நிறுத்திய மாணவரையே அவர் பாராட்டினார் என்பர். மென்மையானது விறைப்பாயிற்று, கிடந்தது எழுந்து நின்றது. அது போதும் என்பது அவர் கருத்து. கட்டடக் கலை மாணவர் இன்றும் தாளை மடித்தே இடத்தை எண்ணப் பழகுகின்றனர்.

நல்ல பயிற்சிதான். ஆயினும் அதில் ஒரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. மேசைமேல் நிற்கும் தாள் மாதிரியை மாணவர் மேலிருந்து பார்க்கிறார். அதில் வாழப்போகிறவரோ உள்ளிருந்து பார்க்கப்போகிறவர். தாளுக்கு வெயில் இல்லை, மழை இல்லை, அடுப்புப் புகை இல்லை. ஒரு சாண் உயரத்து மாதிரியில் அழகாயிருந்த சாய்வு, பத்தடி உயரத்தில் ஒரு தாயின் தலைமேல் இறங்கும்போது என்னவாகும் என்பதைத் தாள் சொல்லாது.

இயற்கையோ இவ்வகையில் தவறியதில்லை. பனை, தென்னை இனத்து இலைகள் யாவும் குருத்திலிருந்து மடிந்தே வெளிவருகின்றன. அவற்றிலும் இரு வகை உண்டு. பனையோலையின் மடிப்பு வாய்க்கால்போல் மேல்நோக்கிக் குழிந்திருக்கும். தென்னை, செம்பனை, நீப்பா ஆகியவற்றின் கீற்றுகள் வீட்டு முகடுபோல் கீழ்நோக்கிக் கவிந்திருக்கும். அந்த நீப்பாக் கீற்றை எடுத்து, ஒரு மூங்கிற் பிளாச்சின்மேல் பாதியாக மடித்துப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கி, நாரால் தைத்தால் அத்தாப்பு ஆயிற்று. மலாய்க் கம்பங்களின் பழைய கூரை அதுவே; தோட்டங்களின் தொடக்ககால லயங்கள் பலவற்றின் கூரையும் அதுவே. அதனடியில் காற்று தேங்குவதில்லை. மழையின் ஓசையும் தாலாட்டுப் போலவே கேட்கும். ஆனால் சில ஆண்டுகளில் மட்கும், பூச்சி அடையும், ஒரு தீப்பொறி பட்டால் ஒரு வரிசையே சாம்பலாகும். பழையதெல்லாம் பொன் என்று பாடுவோர் இதை மறைத்தல் ஆகாது.

நெளித் தகரத்தின் கதை லண்டன் துறைமுகத்தில் தொடங்குகிறது. அங்குப் பொறியாளராயிருந்த ஹென்றி ராபின்சன் பாமர், இரும்புத் தகட்டை நெளித்துக் கூரையாக்கும் முறைக்கு 1829-இல் காப்புரிமை பெற்றார். பின்னர்த் துத்தநாகப் பூச்சும் சேர்ந்தபோது அது துருவை எதிர்த்து நிற்கலாயிற்று. அடுக்கிக் கப்பலில் ஏற்றலாம். இறக்கிய இடத்தில் ஆணியடித்தால் வீடு. வெள்ளையர் ஆட்சி சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது. கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தது. தகரத்தைக் கண்டுபிடித்தவர் சரக்குக் கிடங்கைக் காக்க எண்ணியவர். சரக்குக்கு வியர்ப்பதில்லை. கிடங்குக்குப் போதுமான கூரை மனிதருக்கும் போதும் என்று முடிவு செய்யப்பட்ட இடத்தில்தான் தவறு தொடங்கியது. தகரத்தின் மலிவு தோட்டக் கணக்கில் ஏறியது. அதனடியில் ஒரு மேல்தட்டி அடிப்பதற்கான செலவு ஏறவில்லை. முகட்டில் காற்றுப் போக ஒரு வழி விடுவதற்குத் தனிச் செலவுகூட இல்லை; நினைப்பு மட்டுமே வேண்டியிருந்தது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்த அளவு தரம் வேண்டும் என்று மலேசியாவில் 1966-இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1990-இல் விரிவான வேறொரு சட்டமும் இயற்றப்பட்டன என்பதே, நினைப்பு தானாக வரவில்லை என்பதற்குச் சான்று.

இனி, அதே மடிப்பு மதிப்போடு கையாளப்பட்ட இடத்தைக் காண்போம். கோலாலம்பூரில் 1965 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசல், மடிப்புத் தகட்டுக் கூரைக்கு இந்நாட்டின் தலைசிறந்த சான்றாகும். பொதுப்பணித் துறையைச் சேர்ந்த ஹோவர்ட் ஆஷ்லி, ஹிஷாம் அல்பாக்ரி, பகாருடின் காசிம் ஆகிய மூவர் அதை வகுத்தனர். வழக்கமான கவிகைமாடத்தைக் கைவிட்டு, விரித்த குடை ஒன்றைக் கற்காரையில் மடித்துக் கூரையாக்கினர். அருகில் 73 மீட்டர் உயர்ந்து நிற்கும் கோபுரத்தின் உச்சியோ மடக்கிய குடை. மடிப்புகளே வலிமை தருவதால் தொழுகைக் கூடம் பரந்து விரிந்திருக்கிறது. அதைச் சுற்றி அகன்ற தாழ்வாரங்கள், காற்றை வடிகட்டி உள்ளே விடும் துளைத் தடுப்புகள், நீர்நிலைகள். முதலில் இளஞ்சிவப்பாயிருந்த கூரை 1987-இல் நடந்த சீரமைப்பிற்குப் பின் பசுமையும் நீலமும் கலந்த ஓடுகளோடு விளங்குகிறது. எம்மதத்தினர் அங்குச் சென்றாலும் தாழ்வாரத்தில் கால் வைத்தவுடன் தோளில் இறங்கும் குளிர்ச்சியை உணர்வர். குடையைத் தேர்ந்தவர்கள் குடையின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அது ஒரு வேடிக்கைப் பொருளாய் நின்றிருக்கும். குடை எதற்காகப் பிடிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து எடுத்துக்கொண்டனர்.

நாட்டின் பெருமைக்குரிய மண்டபத்தையும் கூலிக்காரர் குடியிருப்பையும் ஒரே தட்டில் வைக்கலாமா, செலவு வேறன்றோ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. மேலும் தகரம் இல்லாதிருந்தால் எத்தனையோ ஏழைகளுக்குக் கூரையே இருந்திராது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இங்குப் பேசப்படுவது செலவின் அளவன்று. சட்டையைத் தைப்பவர் மலிவுத் துணியில் தைக்கலாம். கை நுழைய வழி வைக்காமல் தைக்கக்கூடாது.

இதற்கு ஆழமான காரணம் மடிப்பின் இயல்பிலேயே இருக்கிறது. விரித்து வைத்த தாளுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. உள் என்பது இல்லை. அதை ஒருமுறை மடித்தவுடன் அதுவரை இல்லாத ‘உள்’ ஒன்று தோன்றிவிடுகிறது. யார் மடித்தாரோ அவரே அதைத் தோற்றுவித்தவர். தாம் தோற்றுவித்த உள்ளில் யாருக்கு என்ன நேரும் என்பது தமக்குத் தொடர்பில்லாதது என்று அவர் சொல்ல முடியாது. கத்தி செய்தவர் கொலைக்குப் பொறுப்பாளியா என்று வாதிடுவதுபோல் இங்கு வாதிடுவதற்கும் இடமில்லை. கத்திக்குப் பல பயன். கூரைக்கோ அடியில் ஒருவர் இருப்பதே பயன்.

தமிழ்மொழி இதை முன்பே அறிந்திருந்தது போலும். மடி என்பது மடித்தல். தாயின் மடியும் மடியே. இடுப்பு வேட்டியில் வெற்றிலை பாக்கும் சில்லறைக் காசும் செருகி வைக்கும் இடமும் மடியே. சோம்பலுக்கும் அதே சொல் உண்டென்று இலக்கணம் வல்லார் குறுக்கிடலாம். அது இங்கு வேண்டா. தாயின் மடியைச் சற்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கை, கால் போல அது உடம்பின் உறுப்பன்று. அவள் எழுந்து நின்றால் மடி இல்லை. உட்கார்ந்து உடம்பை மடிக்கும்போது மட்டும் உண்டாகி, பிள்ளையை ஏந்திக்கொள்ளும் ஓர் இடம் அது. கட்டடக் கலையைப் பற்றி இதைவிட நுட்பமாக ஒரு சொல் பேசிவிட முடியுமா என்பது ஐயமே.

தோட்டத்து ஆயாக் கொட்டகையில் அந்தப் பாடம் கண்முன் தொங்கியது. பழஞ்சேலை ஒன்றை இரண்டாய் மடித்து உத்தரத்தில் கட்டினால் ஏணை. வெறும் துணிக்கு வடிவம் இல்லை. குழந்தையைக் கிடத்தியவுடன் அதன் எடையே துணியை இழுத்து, அதன் உடலளவுக்கு ஓர் அறையைச் செய்துகொள்ளும். மேலே தகரம் அனல் கக்கிக்கொண்டிருக்க, கீழே பருத்தித் துணி மூச்சு விட இடம் தந்து ஆடிக்கொண்டிருந்தது. இரண்டும் மெல்லிய பொருள்கள். இரண்டும் மடிப்பால் பயன் பெற்றவை. ஒன்று கிடங்கை எண்ணிச் செய்யப்பட்டது. மற்றது பிள்ளையை எண்ணிச் செய்யப்பட்டது. பால்வெட்டுக்குச் செல்லுமுன் இருட்டில் அந்த முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்துச் சென்ற தாய்க்குப் பொறியியல் தெரியாது. மடிப்பு நிற்க ஓரம் பிடிபட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

அண்மைக் காலத்தில் மடிப்பு மேனாட்டு மெய்யியலிலும் பேரிடம் பெற்றது. பிரெஞ்சு அறிஞர் கில் தெலூஸ் 1988-இல் லைப்னிட்ஸின் சிந்தனையை மடிப்பு என்னும் கருத்தைக் கொண்டே விளக்கி நூல் செய்தார். 1990-களில் கட்டடக் கலைஞர் பலர் அதைப் பற்றிக்கொண்டு, கணினியின் துணையால் சுவரும் தளமும் கூரையும் ஒன்றினுள் ஒன்று மடிந்து செல்லும் கட்டடங்களை வரையலாயினர். அவற்றில் சில உண்மையிலேயே அரியவை. பல, வெளியே நின்று படம் பிடிப்பதற்கு மட்டும் ஏற்றவை. மேசைமேல் இருந்த தாள் மாதிரி இப்போது திரைக்குள் போயிருக்கிறது. பார்ப்பவர் மட்டும் இன்னமும் வெளியிலேயே நிற்கிறார்.

கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிக்கப்பட்ட இடங்களில் அவற்றின் தகரங்கள் மட்டும் எளிதில் சாவதில்லை. ஆணித் துளைகளோடும் துருவோடும் கோழிக் கூண்டுக்கும் கொல்லைப்புறச் சமையற்கட்டுக்கும் கூரையாகிவிடுகின்றன. தமிழகத்துச் சிற்றூர்களில், கோடை தொடங்குமுன் தகரக் கூரையின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கல்வைத்து அழுத்தும் வழக்கம் உண்டு. வரைபடம் போட்டவர் மறந்ததை, உள்ளே படுத்திருப்பவர் ஏணி வைத்து ஏறித் தம் கையால் மடித்துச் சேர்க்கிறார்.