இரண்டு மறைவுகள்

எனக்கு வலிப்பு வரும். ஊர்ப்பக்கம் காக்கா வலிப்பு என்பார்கள். முப்பது வருசத்துக்கு மேலாக உடம்போடு இருக்கிற இந்தச் சங்கதியை எழுத்தில் சொல்வது இதுதான் முதல் தடவை. நான் அருந்ததியன் என்பதையும் ரொம்ப நாள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டையும் ஒரே மாதிரிதான் மறைத்து வைத்திருந்தேன். மறைத்தது தப்பா என்று எனக்கு நானே கேட்டுப் பார்க்கிறேன்.

முதலில் சாதி. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. பீளமேட்டில் நாயுடுமார்கள் பேசுவதும் தெலுங்கு. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில், "நாயுடுங்களா நீங்க?" என்று கேட்டார்கள். அம்மா சிரித்து வைத்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை கூடப் பேசினால் எந்தத் தெலுங்கு என்று தெரிந்துபோகும். அதனால் அந்த வீட்டில் இருந்த எட்டு மாசமும் வாசலில் தமிழ்தான் பேசினோம். உள்ளே தெலுங்கைக் குசுகுசுவென்று பேசிக்கொண்டோம்.

அம்மாவின் சிரிப்பைப் பொய் என்று சொல்லலாமா? கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1917-ல் பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போனபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிக்காரர் போலப் பெயர் கொடுத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். விசயம் தெரிந்ததும் தடியோடு வந்து மிரட்டி வெளியேற்றினார்கள். அந்தப் பெயரைச் சொன்ன வாய் அவருடையது. சொல்ல வைத்தது யார்? உண்மையைச் சொன்னால் அதையே தடியாக எடுத்து அடிப்பவனுக்கு உண்மையைச் சொல்லும் கடன் யாருக்கும் கிடையாது. இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

வலிப்பு விசயம் இவ்வளவு சுலபமாக இல்லை.

முதல் தடவை வந்தது 1988-ல், எனக்குப் பதினேழு வயசு. ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நாத்தம். அப்புறம் ஒன்றும் ஞாபகமில்லை. கண் திறந்தபோது கையில் யாருடைய சாவிக்கொத்தோ இருந்தது. மூக்குக்குக் கிட்ட ஒரு செருப்பு. என் அப்பா செருப்புத் தைக்கிறவர். தைத்தவன் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் நடக்கக் கூடாது என்று சொன்ன ஊர்கள் கொங்கு நாட்டில் இருந்தன. வலிப்புக்கு மட்டும் அந்தத் தோல் மருந்தாகிவிடுகிறது! சாவியும் செருப்பும் வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிசத்தில் தானாகவே நின்றுவிடும். கடைசியாகக் கொடுத்த பொருளுக்குப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். சுண்ணாம்பு மாதிரி ஒரு புள்ளி. நாடாப்புழுவின் முட்டை வயித்துக்குள் போய், அதிலிருந்து வந்த புழு மூளையில் தங்கிச் செத்த தழும்பு. இந்தியாவில் வலிப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். பக்கத்து வீட்டில் சேதி தெரிந்ததும், "பன்னி திங்கிறவங்களுக்குத்தான் அதெல்லாம் வரும்" என்றார்கள். உண்மை வேறு. சரியாக வேகாத பன்னிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வரலாம். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டை. புழு இருக்கிற மனுசனின் மலத்தில் அது வெளியேறி, தண்ணியிலும் கீரையிலும் கழுவாத கையிலும் ஏறி வருகிறது. கறியைத் தொடாத சைவக்காரருக்கும் வரும். ஆக, இது கக்கூசும் சாக்கடையும் குடிதண்ணியும் சம்பந்தப்பட்ட நோய். கக்கூசே கட்டித்தராத தெருவைப் பார்த்து, உன் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். சாதி இப்படித்தான் பழியை இடம் மாற்றுகிறது. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நான் நோயையும் மறைக்க ஆரம்பித்தேன்.

கோவை மருத்துவக் கல்லூரி அவிநாசி ரோட்டில், எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் ஆஸ்பத்திரி இருப்பது திருச்சி ரோட்டில். அங்கே போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் மாத்திரை இலவசம். எனக்கு முதலில் கொடுத்தது பினோபார்பிடோன். 1912 முதல் வலிப்புக்குக் கொடுத்துவருகிற மருந்து, விலையும் கம்மி. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: மாத்திரை ஒரு வேளை கூடத் தவறக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, பட்டினி கிடக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே பார்க்கணும், மனசைப் போட்டு அலட்டிக்கக் கூடாது.

எல்லாம் சரியான வார்த்தைகள். ஆனால் தன் நேரம் தன் கையில் இருக்கிறவனுக்கு ஏற்ற வார்த்தைகள். நான் அப்போது ஒரு பவுண்டரியில் மோல்டிங் வேலையில் இருந்தேன். ஆர்டர் வந்தால் டபுள் டூட்டி. இல்லை என்றால் கூலியும் இல்லை, சோறும் இல்லை. வலிப்பைக் கிளப்பிவிடுகிற காரணங்கள் என்று டாக்டர் சொன்ன ஒவ்வொன்றும் எங்கள் வேலை நிபந்தனையாக இருந்தது. எட்டு மணி நேர வேலை என்பதும் வலிப்புக்கு மருந்துதான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அந்த மருந்தை எந்த ஆஸ்பத்திரியிலும் தர மாட்டார்கள்.

1993 தீபாவளிக்கு முன்னால், ரெண்டு ராத்திரி தூங்காமல் வேலை. உருக்கின இரும்பை லேடிலில் பிடித்து, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராகத் தூக்கிக்கொண்டு போய் அச்சில் ஊற்ற வேண்டும். அந்தப் பக்கம் பிடித்தவர் எங்கள் வளவுக்காரர், வயசில் மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். ரப்பர் கருகுகிற நாத்தம் வந்தது. பவுண்டரியில் எப்போதும் ஏதாவது கருகிக்கொண்டுதான் இருக்கும், அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. ஊற்றி முடித்து, லேடிலைக் கீழே வைத்து, நாலு எட்டு நடந்ததும் விழுந்தேன். நாலு எட்டு முன்னால் விழுந்திருந்தால் அண்ணனுக்குக் கால் இருந்திருக்காது.

அண்ணன் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "மொதலாளிகிட்டச் சொல்ல வேண்டாஞ்சாமி. எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமில்ல கண்ணு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் கேள்வி ரெண்டாகப் பிரிந்துவிட்டது. முதலாளியிடம் மறைத்தது அம்மா வீட்டுக்காரரிடம் சிரித்து வைத்த மாதிரி. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், அது மட்டும்தான் நடந்திருக்கும். அண்ணனிடம் மறைத்தது அப்படியில்லை. அவர் என்னை ஒதுக்கியவர் இல்லை, என் பாரத்தில் பாதியைச் சுமந்தவர். என் உண்மையின் விளைவு அவர் காலில் விழ இருந்தது. முதலாளிக்குப் பயந்து நான் அண்ணனையும் முதலாளி கணக்கில் சேர்த்துவிட்டேன். இது தப்பு. ஒடுக்குகிறவனிடம் கற்றுக்கொண்ட மௌனத்தைக் கூட நிற்கிறவனிடமும் காட்டுவது தப்பு.

அப்புறம் அண்ணனும் மற்றவர்களும் சேர்ந்து என்னை கோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். ராத்திரி வேலை வந்தால் யாராவது முறை மாற்றிக்கொண்டார்கள். பழைய சோறானாலும் நேரத்துக்குச் சாப்பிட வைத்தார்கள். வருசத்துக்கு ஏழெட்டு தடவை வந்துகொண்டிருந்தது ஒண்ணு ரெண்டாகக் குறைந்தது. மாத்திரை அதே மாத்திரைதான்.

1996-ல் கல்யாணப் பேச்சு வந்தபோது வீட்டில் எல்லோரும், "சொல்லாதே, தாலி கட்டினதும் சரியாப் போயிரும்" என்றார்கள். நான் அவளிடம் நேரிலேயே சொன்னேன். அப்போது சட்டமும் எங்களுக்கு எதிராக இருந்தது. 1976 திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு வருகிறவரை மனநோயாளியோடு ஒரே வரியில் வைத்து, கல்யாணத்துக்குத் தகுதியில்லாதவர் என்றது இந்து திருமணச் சட்டம். சாதி மறுத்துக் கல்யாணம் செய்கிறவர்கள் போகிற சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே வரி இருந்தது. 1999-ல்தான் ரெண்டிலிருந்தும் வலிப்பை நீக்கினார்கள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "விழுந்தா நான் என்ன பண்ணோணும்?" அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இலக்கியக் கூட்டத்தில் ஒரு நண்பர், தஸ்தயேவ்ஸ்கிக்கும் வலிப்பு உண்டு, அது ஒரு தரிசன நிலை என்று பேசினார். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது கருகல் நாத்தமும் கடிபட்ட நாக்கும் நனைந்த வேட்டியும்தான். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாக மருந்து கிடைத்தால் நூத்துக்கு எழுபது பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம். அவர்களுக்கு வேண்டியது மாத்திரை, தூக்கம், சோறு, பக்கத்தில் ஒரு ஆள்.

சாதியைச் சொல்லாமல் ஒருவன் ஒரு ஊரில் காலம் தள்ளிவிடலாம். வலிப்பைச் சொல்லாமல் தள்ள முடியாது. அது நடுத்தெருவில் தானாகவே வெளியே வந்துவிடும், அந்த நேரம் நமக்கு நினைவும் இருக்காது. அப்போது நம் உடம்பு மற்றவர் கையில்தான். அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. 'தலித்' என்று நாம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்ததும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். பெருமைக்காக மட்டும் நாம் அதைச் சொல்லவில்லை. கேட்டவன் இனிமேல் தெரியாது என்று சொல்லக் கூடாது என்பதற்காகவும் சொன்னோம்.

நான் விழுந்தால் சாவி வேண்டாம், செருப்பு வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கு ஒரு துணி வைத்து, ஒருச்சாய்த்துப் படுக்க வையுங்கள். நினைவு வரும்வரை தண்ணீர் கொடுக்காதீர்கள். அஞ்சு நிமிசம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கண் திறக்கிறவரை பக்கத்தில் இருங்கள்.

சொல்லிவிட்டேன். இனி உங்களுக்குத் தெரியும்.