கைக்கு எட்டிய கனி

'கிடைக்கிறது' என்பது நாம் எண்ணிப் பாராமல் வழங்கும் சொற்களுள் ஒன்று. கடையில் ஒரு பொருள் இருந்தால் அது கிடைக்கிறது என்கிறோம். யாருக்கு, என்ன விலையில், எத்தகைய அச்சத்தோடு என்று கேட்பதில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சலினாஸ் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. லெட்டூஸ் கீரையும் பிராக்கோலியும் ஸ்ட்ராபெரிப் பழமும் அங்கிருந்து நாடெங்கும் செல்வதால், 'உலகின் சாலட் கிண்ணம்' என்றே அதனை அழைப்பர். குனிந்த முதுகு நிமிராமல் அவற்றைப் பறிப்போருள் மிகப் பலர் மெக்சிகோவிலிருந்து வந்த, ஸ்பானிய மொழி பேசும் ஏழைகள். அவர்களுடைய வீடுகளில் உணவுப் பற்றாக்குறை நிலவுவதை ஆய்வாளர் பன்முறை எழுதியுள்ளனர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்னும் நம் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான இடத்தை நாம் அறியோம்.

இத்தகைய வீட்டில் ஒரு குழந்தை காய்கறி உண்ணாமல் வளர்ந்தால் குற்றம் யாருடையது? தாயின் அறியாமை என்று சொல்லிவிடுதல் எளிது. அது உண்மை அன்று. நம் சமையலறையில் நாளும் புழங்கும் தக்காளியும் மிளகாயும் சௌசௌவும் அவர்களுடைய முன்னோரின் மண்ணில் பண்பட்டவை. (அவை கடல் கடந்து வாராதிருப்பின் நம் குழம்பின் நிறமே வேறாயிருக்கும்.) மெக்சிகோவிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள் பயறும் காய்கனியும் மிகுதியாக உண்கின்றன, அமெரிக்காவில் ஆண்டுகளும் தலைமுறைகளும் கூடக்கூட அவ்வழக்கம் தேய்கிறது என்பதே ஆய்வுகள் பலவற்றின் முடிவு. அவர்கள் அறியாதவர்கள் அல்லர், அறிந்ததை இழந்துகொண்டிருப்பவர்கள்.

கடையின் தொலைவு, விலை, ஓயாத வேலை எனக் காரணங்கள் பல. அவற்றினும் நம் மனத்தைத் தைப்பது வேறொன்று. புதிய காயொன்றைச் சிறு குழந்தை விரும்பத் தொடங்குமுன் எட்டு, பத்து முறை, சில வேளை பதினைந்து முறைகூட அதனைச் சுவைக்கக் கொடுக்க வேண்டும் என்பர் வல்லுநர். வசதியுள்ள தாய், குழந்தை துப்பியதைக் குப்பையில் இட்டுவிட்டு மறுநாளும் முயல்கிறாள். கூலிக்குச் செல்லும் தாய்க்கோ அது ஒரு வேளை உணவின் இழப்பு. ஆகவே, குழந்தை மறுக்காமல் உண்ணும் பண்டத்தையே அவள் வாங்குகிறாள். பிள்ளை பசியோடு உறங்கிவிடக் கூடாதே என்னும் அன்பு அது. அதற்கு அறியாமை என்று பெயரிட நமக்கு என்ன உரிமை?

அந்நாட்டு அரசின் 'விக்' எனப்படும் தாய்சேய் உணவுத் திட்டம் 2009-இல் குழந்தைகளுக்கும் காய்கனிச் சீட்டு வழங்கத் தொடங்கியது. குழந்தை ஒன்றுக்கு மாதம் 6 டாலர்! பெருந்தொற்றின்போது, 2021-இல், சில மாதங்கள் 35 டாலராக உயர்ந்தது. 2024-இல் 26 டாலராக இருந்தது. தொகை சிறிதே. எனினும் அதனை நாம் ஏளனம் செய்யோம். அச்சீட்டைக் கொண்டு காய்கனியன்றி வேறெதுவும் வாங்க இயலாது. எனவே குழந்தை துப்பினாலும் தாயின் கூலிப்பணம் வீணாவதில்லை. மீண்டும் ஒருமுறை முயன்று பார்க்கும் துணிவை அது அவளுக்குத் தருகிறது.

2019-இல் அந்நாடு குடியேற்ற விதியொன்றை அறிவித்தது. அரசு உதவிகள் சிலவற்றைப் பெறுவோர்க்கு நிலையாகத் தங்கும் உரிமை மறுக்கப்படலாம் என்றது அவ்விதி. 'விக்' அதில் சேர்க்கப்படவே இல்லை. விதியும் 2021-இல் கைவிடப்பட்டது. ஆயினும் அதற்குள், பெயரைப் பதிய அஞ்சி விலகிக்கொண்ட தாய்மார் பலர். அவர்களுடைய தெருக்கடையில் அப்போதும் தக்காளி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.