பதவி நீக்கம் பரிகாரமாகுமா?

ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையைக் காண வருவோர் கட்டபொம்மனைப் போற்றித் திரும்புகின்றனர். அவருடைய தானாபதியாயிருந்து ஆட்சிக் காரியங்களைக் கவனித்த சுப்பிரமணிய பிள்ளையை நின்று நினைப்போர் சிலரே. நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு அரசரினும் அந்த உத்தியோகஸ்தரே பொருத்தமானவர். அதிகாரத்திலிருக்கும் ஒருவரின் ஆணவத்தால் இன்னொருவரின் பணி வாழ்வு குலையுமாயின், அவ்வதிகாரியை நீக்கிவிடுவதோடு நீதி நிறைவேறிவிடுமா?

1798-இல் கலெக்டர் ஜாக்சன், கிஸ்தி பாக்கியின் பொருட்டுத் தம்மை வந்து காணுமாறு கட்டபொம்மனுக்கு ஆணை அனுப்பினார். அழைத்தவரோ ஓரிடத்தில் தங்கவில்லை. குற்றாலத்தில் பேட்டி மறுக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதே மறுமொழிதான். 23 நாள், ஏறத்தாழ 400 மைல் அலைந்தபின் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அங்கும் மூன்று மணி நேரம் நிற்கவைத்தே விசாரணை நடந்தது. பாக்கியை வசூலிக்க எண்ணுபவர் செய்யும் காரியமா இது? குற்றாலத்திலேயே கணக்கை விரித்துப் பார்த்திருக்கலாம். பிறர் தம்முன் குனிந்து நிற்பதைக் காண்பதே சிலருக்கு உத்தியோகத்தின் ருசி போலும். கோட்டை வாயிலில் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் மாண்டார். கட்டபொம்மன் தப்பினார், தானாபதி பிடிபட்டார்.

முறையீடு சென்னைக்குச் சென்றது. கவர்னர் எட்வர்டு கிளைவ், பிரௌன், ஓரம், காசாமேஜர் என்னும் மூவரைக் கொண்டு விசாரிக்கச் செய்தார். கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றது அக்குழு. ஜாக்சன் பதவியிழந்தார், தானாபதி விடுதலையானார், லூஷிங்டன் புதிய கலெக்டரானார். பாக்கியும் பெரும்பாலும் தீர்ந்து 1080 வராகனே எஞ்சியது. இவ்வளவில் கும்பினியாரின் செயல் மெச்சத்தக்கதே, அதை மறைப்பதற்கில்லை.

ஆயினும் மறு ஆண்டு செப்டம்பரில் பானர்மனின் படை வந்தது. முன்பு விடுதலை பெற்ற அதே தானாபதி நாகலாபுரத்தில் கொல்லப்பட்டார். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இடையில் வேறு பிணக்குகளும் மூண்டன. யாவற்றையும் ஜாக்சன் தலையில் சுமத்துவது வரலாறாகாது. ஆனால் புதிய கலெக்டரும் தம்மை வந்து காணச் சொன்னபோது, இராமநாதபுரத்து வாயிலைக் கடந்து தப்பியவர் எந்த நெஞ்சோடு புறப்படுவார்? நாற்காலியில் ஆள் மாறியதேயன்றி, அழைக்கப்பட்டவரின் உள்ளத்தில் முறிந்ததை ஒட்டவைக்க எவரும் முனைந்ததாகத் தெரியவில்லை.

விசாரணைக்குப் பின்னும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு என்பதை நமக்குக் காட்டித்தருவது கூஃபா நகரத்துச் செய்தி. அதை இமாம் புகாரி பதிந்துள்ளார்கள். காதிஸிய்யாப் போரின் தளபதியும் கூஃபாவின் ஆளுநருமான ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மீது, தொழுகைகூடச் சரியாக நடத்துவதில்லை என்று ஊரார் சிலர் குற்றம் சாட்டினர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவரை நீக்கினார்கள். அவரிடமே நேரில் கேட்டார்கள். கூஃபாவின் பள்ளிவாசல்தோறும் ஆளனுப்பி விசாரித்தார்கள். ஒரு பள்ளியில் ஒருவரைத் தவிர யாவரும் நற்சான்றே பகர்ந்தனர். குற்றமற்றவரை நீக்கியது தகுமா என்று கேட்போர் உண்டு. ஊரின் அமைதியை நாடிய முடிவு என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ஸஃது அவர்களின் பெயரைக் கலீஃபா அந்நிலையில் விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 23-இல் குத்துண்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் அறுவரில் ஸஃதையும் சேர்த்தார்கள். இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ தாம் அவரை நீக்கவில்லை என்று பலரறியச் சொன்னார்கள். ஹக்குல் இபாத், அதாவது அடியாருக்குச் செலுத்த வேண்டிய கடன், பெயருக்கும் உண்டென்பதை உணர்ந்த நெஞ்சம் அது.

நாம் பணியாற்றிய மத்ரஸா ஒன்றில் மூத்த உஸ்தாத் ஒருவர் இருந்தார். நஹ்வுப் பாடத்தில் அவருக்கு நிகரானவரை நாம் கண்டதில்லை. நிர்வாகியின் காதில் சிலர் ஓதிய பொய்யால் அவர் விலக்கப்பட்டு, பிழைப்புக்காக மளிகைக் கடையொன்றில் கணக்கெழுதப் போனார். ஈராண்டில் பொய் வெளிப்பட்டது, நிர்வாகியும் மாறினார். புதிய நிர்வாகத்தார் நல்லவர்களே. ஆனால் அந்த உஸ்தாத் எக்குற்றமும் செய்யவில்லை என்று அந்தப் பள்ளியின் ஜமாஅத் முன் நின்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.