நமதல்லாத உயிர்கள்

ஓய்வுநாளில் தம் மாடு கிணற்றில் விழுந்துவிட்டால் அதை உடனே தூக்கிவிடாதவர் எவரேனும் உண்டோ என்னும் பொருள்பட ஆண்டவர் பரிசேயரிடம் வினவியதை லூக்கா நற்செய்தியில் படிக்கிறோம். அவர்களால் மறுமொழி கூற இயலவில்லை. மாட்டை இழப்பதன் வலி என்னவென்று உழவர் மரபில் வந்த எவருக்கும் தெரியும். விடுதலைப் பயண நூல் இன்னும் ஒரு படி மேலே சென்று, நம்மை வெறுப்பவனுடைய கழுதை சுமையின் கீழ் வீழ்ந்து கிடந்தாலும் விலகிப் போகலாகாது என்கிறது. பகைவனுடையதாயினும் அக்கழுதைக்கும் உடையவன் ஒருவன் இருக்கிறான். மறைநூலில் விலங்கின் துன்பத்தைப் போக்கச் சொல்லும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அங்கே நிற்பவை பெரும்பாலும் தொழுவத்து விலங்குகளே. அவ்வாறிருக்க, எவருடைய தொழுவத்தையும் சேராத ஓர் உயிர், ஒரு கூகையோ வெளிமானோ கடலாமையோ, காயப்பட்டு நம் எதிரில் கிடந்தால் அதற்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? இரக்கம் காட்டினால் நல்லது, காட்டாவிட்டால் குற்றமில்லை என்று விட்டுவிடலாமா?

தஞ்சைத் தரணியில் காடு ஏது, காட்டு விலங்கு ஏது என்று கேட்பவர் உண்டு. கல்லணையில் பிரியும் நீர் கடலைச் சேரும் வரை ஒரு சாண் நிலத்தையும் உழாமல் விட்டவர்கள் அல்லர் நம் முன்னோர். ஆயினும் வயல் வரப்பில் கூகை இருக்கிறது. வாய்க்காலில் நீர்நாய் இருக்கிறது. திடல்களில் மயில் அகவுகிறது. 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரையில் வெளிமான்கள் மேய்கின்றன. நாகைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் கடலில் நம் மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு வாழ்கிறது. இவை நம்மை விட்டு விலகி எங்கோ மலைக்காட்டில் வாழ்பவை அல்ல. நம் வேலிக்கும் வலைக்கும் சாலைக்கும் மின்கம்பிக்கும் நடுவே வாழ்கின்றன. ஆகவே இவை காயப்படும்போது அக்காயத்தில் பெரும்பாலும் நம் கைத்தடம் இருக்கும்.

கூகையையே எடுத்துக்கொள்வோம். கோயில் கோபுரத்திலும் நம் ஆலய மணிக்கூண்டிலும் குடியிருக்கும் இந்தப் பறவையைச் சாவுக்குறி என்று கல்லெறிந்து விரட்டுவோர் இன்றும் உளர். உண்மையில் நெல் விளைவிப்பவனுக்கு இதைப்போன்ற துணை வேறில்லை. இரவு முழுவதும் எலி பிடிப்பதே இதன் தொழில். வயலில் ஆந்தைகள் வந்தமரக் குச்சி நட்டு வையுங்கள் என்று வேளாண் துறையினரே அறிவுறுத்துகின்றனர். எலிக்கு நம் பகுதியில் தொன்றுதொட்டு வைத்து வந்தது மூங்கிலில் வில்போல் வளைத்துக் கட்டிய கிட்டி. தஞ்சாவூர்க் கிட்டி என்று அதற்கு ஊர்ப்பெயரே அமைந்துவிட்டது. கிட்டி, தன்னிடம் வந்த எலியை மட்டுமே கொல்லும்; அதன் வேலை அங்கே முடிந்துவிடும். அதனிடத்தில் இப்போது நஞ்சு வந்துவிட்டது. எலி நஞ்சில் ஒருவகை, இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரிகிறது. தள்ளாடும் எலியைப் பிடிப்பது கூகைக்கு எளிது. அத்தகைய எலிகளைத் தொடர்ந்து தின்ற கூகை, சிறு அடி பட்டாலும் உள்ளேயே குருதி கசிந்து களத்துமேட்டில் வீழ்ந்து கிடக்கிறது. ஒரு கையால் குச்சி நட்டு அழைத்தோம், மறுகையால் நஞ்சூட்டினோம். நஞ்சு வைத்தவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. குறுவையும் சம்பாவும் எலிக்குப் போனால் அவர் வீட்டில் உலை வைப்பது யார்? கிட்டி வைப்போருக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாமல்தான் அவர் கடைக்குப் போயிருப்பார்.

குருமடத்தில் நாங்கள் பயின்ற அறநெறி இயலில் இதற்கு விடை தேடினால் முதலில் ஏமாற்றமே கிட்டும். இறையன்பு என்பது நட்பின் இயல்புடையது; பகுத்தறிவு இல்லாத உயிரோடு அத்தகைய நட்பு கூடாது; ஆகவே விலங்கு இறையன்பின் நேரடி இலக்கு அன்று என்பது புனித தாமஸ் அக்குவினாஸின் முடிவு. இறைவனின் மாட்சிக்காகவும் மனிதரின் நலனுக்காகவும் அவை நிலைத்திருக்க நாம் விரும்பலாம் என்ற அளவில் அவர் நின்றுவிடுகிறார். அவருடைய பாகுபாட்டை நான் மறுக்கவில்லை. கூகை எனக்கு நண்பன் அன்று, என்றும் ஆகாது. ஆயின் அவர் எடுத்துக்கொண்டது அன்பைப் பற்றிய வினா. களத்துமேட்டில் கிடக்கும் பறவை எழுப்புவது கடனைப் பற்றிய வினா. பிறர் உடைமைக்குச் சேதம் விளைவித்தவன் ஈடு செய்ய வேண்டும் என்பதும், திருப்பித் தரும் மனமின்றிச் செய்யும் பாவசங்கீர்த்தனம் நிறைவானதன்று என்பதும் ஞானோபதேச வகுப்பிலேயே நமக்குச் சொல்லித் தரப்பட்டவை. அப்படியானால் காட்டுயிர் யாருடைய உடைமை? யோபு நூலின் 39-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா, காட்டுக் கழுதையின் கட்டை அவிழ்த்துவிட்டவர் யார், காட்டெருமை உன் தொழுவத்தில் தங்குமா என்று இறைவன் அடுக்கடுக்காகக் கேட்கிறார். பெரும்பாலும் மனிதனுக்குப் பயன்படாத விலங்குகளையே அங்கு அவர் பெருமிதத்தோடு பேசுகிறார். உடையவர் இல்லாத உயிர் என்று நாம் சொன்னதற்கும் உடையவர் ஒருவர் இருக்கிறார். பகைவனின் கழுதைக்கே ஈடுபட வேண்டுமெனில் இதற்கு எப்படி விலக்குக் கேட்க முடியும்?

தெரிந்து செய்யவில்லையே என்பர். மெய்தான்; அறியாது விளைந்த கேட்டிற்குப் பொறுப்புக் குறைவு என்பதை அறநெறியாளர் அனைவரும் ஒப்புவர். ஆனால் எலிக்கு வைத்தது கூகைக்கும் போய்ச் சேருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வாதம் நமக்கு உதவாது. இயற்கை தரும் காயம் வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையைக் கடந்தபோது கோடியக்கரைக் காட்டில் வெளிமான்களும் குதிரைகளும் பறவைகளும் மாண்டன. அதில் நாம் ஈடுகட்ட வேண்டிய கடன் எதுவுமில்லை. அங்கே தப்பிப் பிழைத்ததற்கு நீர் வைப்பது இரக்கம். நரி மான்குட்டியைப் பிடித்தால் அதில் நமக்கு வேலையே இல்லை.

ஈடு செய்வது எவ்வாறு? இங்கேதான் நம் நல்லெண்ணம் அடிக்கடி வழி தவறுகிறது. கால்நடை மருத்துவர் என்ற பெயரே வீட்டு விலங்கைக் குறிப்பது. பசுவுக்கு மருத்துவம் பார்க்கும்போது உடையவன் அருகில் நின்று தடவிக் கொடுத்தால் அது அமைதி கொள்கிறது. வெளிமானைத் தடவிக் கொடுத்தால் அது செத்துப்போகும். நாய் துரத்திப் பிழைத்த மானை ஊரார் சூழ்ந்து பிடித்து, நீர் தெளித்து, படம் பிடித்துக் கொண்டாடினால், அச்சத்தாலும் திமிறலாலும் அதன் தசைகள் சிதைந்து, அன்றோ சில நாள் கழித்தோ அது இறந்துவிடக்கூடும். நாய்க்கடியில் தப்பியது நம் அன்பில் தப்பாது. ஆகவே வனவுயிர் மருத்துவர்கள் முதலில் செய்வது கண்ணைத் துணியால் மூடுவது. அடுத்தது, சுற்றி நிற்பவரை வாய்மூடி விலகச் சொல்வது. கூண்டு இருட்டாயிருக்கும். தேவைக்கு மேல் எவரும் தொடமாட்டார். அமெரிக்காவில் அருகிவரும் பெருங்கொக்கின் குஞ்சுகளை வளர்ப்போர், தலை முதல் கால் வரை வெள்ளை அங்கியால் மூடிக்கொண்டு, கொக்கின் தலைபோல் செய்த பொம்மையைக் கையில் மாட்டி இரையூட்டுகின்றனர். குஞ்சு மனித முகத்தைத் தாயென்று எண்ணிவிடக் கூடாதாம். தன் முகத்தை மறைத்துக்கொண்டு செய்யும் தொண்டு! வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று போதிக்கும் நமக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. ஆனாலும் புதிதாகத்தான் இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் நடந்ததைச் செய்தித்தாளில் பலர் படித்திருப்பீர்கள். 2022-இல் உழவர் ஒருவர் கால் முறிந்து கிடந்த சாரஸ் கொக்கு ஒன்றைத் தம் வயலில் கண்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டுப்போட்டுக் காப்பாற்றினார். அவர் அதைக் கூண்டில் அடைக்கவில்லை. கால் தேறியதும் அது பறந்து போயிருக்கலாம், போகவில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் சென்றால் அதுவும் பின்னால் பறந்து சென்றது. 2023 மார்ச்சில் வனத்துறையினர் வந்து அதைப் பிரித்து முதலில் ஒரு பறவைச் சரணாலயத்திலும் பின்னர் கான்பூர் விலங்குக் காட்சிசாலையிலும் விட்டனர். வனவுயிரை வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருவதில்லை. சட்டத்தின் நோக்கத்தில் பிழை காண முடியாது. மனிதனை நம்பப் பழகிய பறவை, அடுத்து யாரை நம்பிப் போகுமோ தெரியாது. எனினும் எவரும் அடைக்காமலிருந்த பறவை, காப்பாற்றப்பட்ட பின் கூண்டுக்குள் போயிற்று என்பது நெஞ்சை உறுத்துகிறது. அந்த உழவரைப் போன்றவருக்கு, குணப்படுத்தும் காலத்திலேயே எப்படி விலகி நிற்பது என்று சொல்லித்தர ஒரு மருத்துவர் அருகில் இருந்திருந்தால் இருவருக்கும் அந்தப் பிரிவு நேர்ந்திராது என்பது என் எண்ணம்.

திரும்பிப் போக முடியாதவையும் உண்டு. மின்சாரம் தாக்கித் தாயை இழந்த ரகு என்ற யானைக்கன்றை முதுமலைத் தெப்பக்காடு முகாமில் பொம்மன், பெள்ளி தம்பதியர் வளர்த்ததைத் திரைப்படமாகவே உலகம் பார்த்தது. அதற்குக் காடு இல்லை, முகாமே வீடு. கடன் அங்கே வாழ்நாள் கடனாகிவிட்டது. இறகெலும்பு பொடிந்து இனிப் பறக்கவே முடியாத பருந்துக்கோ வாழ்நாள் முழுதும் கூண்டும் மனித அரவமும் ஓயாத அச்சமாகவே இருக்குமெனில், அதன் வலியை மருத்துவர் முடித்து வைப்பதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். மனிதனுக்கு இது பொருந்தாது. அவன் உயிர் வேறு தரத்தது. பருந்துக்கு மருத்துவம் செய்வதில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. டெல்லிச் செங்கோட்டைக்கு எதிரே சமணர்கள் நீண்டகாலமாக நடத்திவரும் பறவை மருத்துவமனையில், ஊன் உண்ணும் பறவைகளை உள்நோயாளிகளாக வைத்துக்கொள்வதில்லை. மாஞ்சா நூலில் இறகறுந்து விழும் பருந்துகளுக்காக அதே நகரில் நதீம், சவூத் என்ற இசுலாமியச் சகோதரர் இருவர் தம் வீட்டு அடித்தளத்திலேயே மருத்துவம் பார்த்து வந்தனர். 2022-இல் வெளியான ஆவணப்படத்தால் பலரும் அறிந்தனர். கொல்லாமையில் உறுதி பூண்டவரை நான் மதிக்கிறேன். ஆயினும் பருந்துக்கு இறைச்சி அரிந்து போட்டவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. பருந்தைப் பருந்தாகவே ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

இத்தனையும் கேட்டபின் ஒருவர் எழுந்து, அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாயில் மனிதர் படுத்திருக்கையில் பறவைக்குக் கட்டுப்போடப் பணமா என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, தேவையின்றி விலங்கைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாதது என்று கூறும் அதே 2418-ஆம் எண்ணில், மனிதத் துயர் போக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் ஏழையின் கூக்குரலையும் பூமியின் கூக்குரலையும் பிரித்துக் கேட்கலாகாது என்று வலியுறுத்தினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கேள்வி சற்று மாறுகிறது. கடனை அடைக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. யார் பையிலிருந்து என்பதே கேள்வி.

நம் கடலுக்கு வருவோம். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, 2022 செப்டம்பரில் நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1814-இல் நெப்போலியன் மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய மனோரா கோபுரம் இக்கரையில்தான் நிற்கிறது. அவ்விடத்திலேயே கடற்பசுவுக்கென ஒரு பாதுகாப்பு மையம் அமைக்க அரசு திட்டமிட்டது. கடற்பசு பல நூறு கிலோ எடையுள்ள பாலூட்டி. கடற்புல்லை மேய்வது, நம்மைப்போல் காற்றை மூச்சிழுப்பது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு கன்று ஈனும். வலையில் சிக்கினால் மூழ்கியே சாகும். அதற்கு மருத்துவமனை எதுவும் பயன்படாது. முதலுதவி, அறுவைச் சிகிச்சை எல்லாம் படகிலிருப்பவர் கையிலுள்ள கத்திதான். அந்தக் கத்தி அறுப்பது அவருடைய சொந்த வலையை.

ஒரு காலத்தில் இதன் இறைச்சியை உண்டு பழகிய கரை இது. இன்று இதே கரையின் மீனவர் பலர் வலையை அறுத்து ஆவுளியாவை விட்டிருக்கின்றனர். வனத்துறை அவர்களை அழைத்துச் சால்வை போர்த்திப் பரிசுத்தொகை தருகிறது. செய்தித்தாளில் படம் வருகிறது; தஞ்சையில் அமர்ந்து நாமும் படித்து மகிழ்கிறோம். அந்த மீனைத் தின்றவர்கள் நாம். அக்கடலில் கலக்கும் நம் வயல்களின் உரமும் மருந்தும் கடற்புல்லுக்கு நன்மை செய்வனவல்ல. ஈடுசெய்ய வேண்டியவர் பலராயிருக்க, ஈடு கட்டியவர் ஒருவர். அவரும் நம்மிடையே மிக எளியவர். சேதத்தில் பலர் பங்குகொண்டால் ஈட்டிலும் அவரவர் பங்கு உண்டு என்பது பழைய அறநெறி நூல்களில் அலுக்க அலுக்கப் படித்த பாடம். அங்கே அது திருட்டுக் கும்பலுக்குச் சொல்லப்பட்டது. கிளைப் பங்குகளில் தவக்காலத்தில் திரட்டும் காணிக்கையில் ஒரு சிறு பகுதி அறுபட்ட வலைக்குப் போகலாம் என்றால் யாரும் மறுக்கப் போவதில்லை என்று நம்புகிறேன். பரிசு அறிவிப்பதற்கும் கைக்கு வருவதற்கும் இடையே எத்தனை நாளாயினும் ஆகலாம். வலைக்கு வாங்கிய கடனின் வட்டி அதுவரை காத்திராது.