கல்லூரி முதலாண்டும் நமது எதிர்பார்ப்பும்



ஆகஸ்ட் மாதம் நம் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டுக் கல்லூரி விடுதிக்குச் சென்ற பிள்ளைகள், நவம்பர் இறுதியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வீடு திரும்புவார்கள். "என்ன படிக்கப் போகிறாய்? டாக்டரா, கம்ப்யூட்டரா?" என்று நாம் எல்லோரும் கேட்போம். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார், பிள்ளையா, பெற்றோரா? இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களின் எண்ணங்களை அறியும் பெரிய கருத்துக் கணிப்பு ஒன்று 1966ஆம் ஆண்டு தொடங்கியது. 1967ல், வாழ்க்கைக்கு ஒரு பொருளுள்ள தத்துவத்தை உருவாக்கிக்கொள்வது மிக முக்கியம் என்றவர்கள் நூற்றுக்கு 85க்கும் மேல். பெரும் பணவசதி முக்கியம் என்றவர்கள் பாதிக்கும் குறைவு. 1987ல் இது தலைகீழானது. நான்கில் மூவர் பணவசதியைக் குறிப்பிட்டனர். தத்துவத்தைக் குறிப்பிட்டவர்கள் நூற்றுக்கு 40 பேர் அளவே. 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் பணவசதியை நாடியோர் நூற்றுக்கு 80ஐத் தாண்டினர்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பணமே குறி" என்று சொல்வது எளிது. கல்லூரிச் செலவு ஏறிக்கொண்டே போக, கடன் வாங்கிப் படிப்பவர் முதலில் சம்பளத்தை எண்ணுவது இயல்பே. நம் வீடுகளிலோ வேறொரு காரணமும் உண்டு. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் நம்மவர் பலர் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் இங்கு வந்தனர். படிப்பே அவர்களைக் கரை சேர்த்தது. தாம் வந்த வழியே பத்திரமான வழி என்று பிள்ளைகளுக்கும் காட்டினர். அதில் குற்றமில்லை. வள்ளுவரும் பொருளுக்கு ஒரு பாலை ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அறத்துப்பாலை முதலில் வைத்தார்.

"ஃபீஸ் கட்டுவது நாங்கள், முடிவும் எங்களுடையதே" என்று சிலர் வாதிடுவர். பிள்ளையைப் படிக்க வைப்பது கடமை என்றால், அதற்கு விலை கேட்பது முறையாகுமா? நாட்டுச் சட்டமும் மாணவரைப் பெரியவராகவே கருதுகிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரி மதிப்பெண்கள் மீதான உரிமை மாணவருடையது, பெற்றோருடையதன்று.

இன்னொன்றும் உண்டு. மருத்துவராக வேண்டுமெனில் நான்காண்டுப் பட்டத்திற்குப் பின் மேலும் நான்கு ஆண்டுகள். அதன்பின் மருத்துவமனைப் பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டுகள். மனமில்லாதவர் இதைத் தாங்குவது கடினம். தாங்கினாலும், நாளை அவர் முன் வந்து உட்காரும் நோயாளிக்கு அது நியாயமா? தொழில் என்பது நம் வீட்டுப் பெருமை மட்டுமன்று. ஊராருக்குச் செய்யும் பணியும் ஆகும்.

இளைஞர்களுக்கும் கடமை உண்டு. கெமிஸ்ட்ரி வகுப்பை விட்டுவிட்டு, "எல்லாம் நன்றாகப் போகிறது" என்று வீட்டில் சொல்லாதீர்கள். நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேர்வோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், முதல் மூன்றாண்டுகளுக்குள் பாடத்துறையை மாற்றிக்கொள்கிறார். மாற்றுவது அவமானம் இல்லை. மறைப்பதுதான் உறவைக் கெடுக்கும். அம்மா அப்பாவின் அச்சம் அன்பிலிருந்து வருவது. வேறு துறையை விரும்பினால், அதில் எப்படிப் பிழைப்பீர்கள் என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். உங்களுக்காக உழைத்தவர்கள் அந்த விளக்கத்தைக் கேட்க உரிமை உள்ளவர்கள்.

ஆகவே பெற்றோர் அறிவுரை சொல்லலாம், எச்சரிக்கலாம், கையில் உள்ள பணத்தின் எல்லையையும் வெளிப்படையாகக் கூறலாம். ஆனால் படிப்பை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டுவதும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம். இம்முறை பிள்ளைகள் வரும்போது, "எந்த வகுப்பு உனக்குப் பிடித்திருக்கிறது? ஏன்?" என்று கேட்போம். பதிலை இடைமறிக்காமல் கேட்போம். நம் பிள்ளைகள் பொருளும் பெற்று, அறமும் காத்து வாழட்டும்.