ஜுமுஆ உரை: முன்பின் அறியாதவருக்குச் செய்யும் உதவி

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சொந்தக்காரருக்கு ஒன்று செய்தால் நாளை அவர் நமக்குச் செய்வார். பக்கத்து வீட்டாருக்குச் செய்தால் நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டில் மூட்டையைத் தலையில் ஏற்ற முடியாமல் தவிக்கும் ஒருவருக்குக் கை கொடுத்தால் என்ன கிடைக்கும்? அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, மறுபடி பார்க்கப் போவதும் இல்லை. அந்த உதவிக்கு அல்லாஹ்விடம் மட்டும்தான் கூலி.

மூஸா (அலை) அவர்களின் வாழ்க்கையில் ஒரு நாளைப் பாருங்கள். அல்கஸஸ் அத்தியாயத்தில் 22ஆம் வசனம் முதல் அல்லாஹ் இதைச் சொல்லிக் காட்டுகிறான். எகிப்திலிருந்து உயிருக்குப் பயந்து வெளியேறி மத்யன் வந்து சேர்ந்திருக்கிறார்கள். தங்க இடமில்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நீர்நிலையில் இடையர்கள் கூட்டமாகக் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பெண்கள் மட்டும் தங்கள் ஆடுகளைத் தடுத்துப் பிடித்தபடி ஒதுங்கி நிற்கிறார்கள்.

அவ்வளவு பேர் இருந்த இடத்தில், என்ன விஷயம் என்று அவர்களிடம் கேட்டது வெளியூரிலிருந்து வந்த மூஸா (அலை) அவர்கள்தான். இடையர்கள் போகும்வரை எங்களால் தண்ணீர் காட்ட முடியாது, எங்கள் தந்தை வயது முதிர்ந்தவர் என்றார்கள் அந்தப் பெண்கள். பதிலைப் பார்த்தால் அது அன்றாடம் நடப்பது போலத்தான் தெரிகிறது. ஊர்க்காரர்களுக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருக்கும். நமக்கும் அப்படித்தானே?

அதற்குமேல் பேச்சு வளரவில்லை. எந்தக் குடும்பம், என்ன வசதி என்று விசாரிக்கவில்லை. தண்ணீர் காட்டிக் கொடுத்துவிட்டு நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள். அவர்களுக்கே எல்லாம் தேவைப்பட்ட நேரம் அது. ஆனாலும் அந்தப் பெண்களிடம் எதுவும் கேட்கவில்லை. நீ எதைக் கொடுத்தாலும் எனக்குத் தேவைதான் என்ற பொருளில் ரப்பிடம்தான் கையேந்தினார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்களின் தந்தை அழைத்தார். அடைக்கலம் கிடைத்தது. எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று வேலை கிடைத்தது. மணமுடித்துக் குடும்பமும் அமைந்தது. (அந்தப் பெரியவர் ஷுஐப் (அலை) அவர்கள்தான் என்று பலர் சொல்வார்கள், குர்ஆனில் அவர் பெயர் இல்லை.) இதைக் கேட்டுவிட்டு, நாளைக்கு யாருக்காவது ஒரு குடம் தண்ணீர் தூக்கிக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை அழைப்புக்காகக் காத்திருக்காதீர்கள்! மூஸா (அலை) அவர்கள் நிழலுக்குப் போனபோது எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை.

பாதையில் கிடந்த ஒரு முள்கிளையை அகற்றிய மனிதரின் செயலை அல்லாஹ் ஏற்று, அவரை மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த முள்ளை மிதிக்க இருந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. தப்பித்தவருக்கும் தான் தப்பித்தது தெரியாது.

சகோதரர்களே, இப்போது நம் பள்ளிவாசல் தெருவுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தெருவில் யார் முள்ளைப் போடுவது?

எதிர்வீட்டு கேட்டை மறித்து பைக்கை நிறுத்திவிட்டு, அவசரமாக ஒளூ செய்து, ஸஃப்பில் வந்து நிற்கிறோம். அரை மணி நேரம்தானே என்று நமக்கு நாமே ஒரு சமாதானம். அந்த அரை மணி நேரத்தில் அந்த வீட்டில் ஒரு முதியவருக்கு நெஞ்சு வலி வந்தால் ஆட்டோ எப்படி உள்ளே வரும்? அவர்களில் பலர் நம் மார்க்கத்தைச் சேராதவர்கள். அவர்கள் நம் குத்பாவைக் கேட்பதில்லை. நம் வண்டியைத்தான் பார்க்கிறார்கள்.

தொழத்தானே வந்தோம் என்று சொல்லாதீர்கள். அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் தங்குமிடங்களை நெருக்கடியாக்கி, பாதையை அடைத்துக்கொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பி, அப்படிச் செய்தவருக்கு ஜிஹாத் இல்லை என்று அறிவிக்கச் செய்தார்கள். உயிரைக் கொடுக்கப் புறப்பட்டவர்களுக்கே இந்த எச்சரிக்கை. அரை மணி நேரம் தொழ வந்த நாம் எங்கே நிற்கிறோம்?

இன்று உங்கள் வண்டி யார் வாசலையாவது மறித்து நின்றால், இமாம் ஸலாம் கொடுத்ததும் முதலில் போய் அதை எடுங்கள். பின் ஸுன்னத்தை வீட்டில் தொழுவதும் நபிவழிதான். வாசலில் காத்திருப்பவரிடம் முகம் மலர்ந்து மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த வாரம் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, தெருமுனைக்கு அப்பால் இடம் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். இளைஞர்கள் இரண்டு பேர் முறை வைத்து வெளியே நின்று, ஜமாஅத் தொடங்கும்வரை வண்டிகளை ஒழுங்குபடுத்தலாம். விருப்பமுள்ளவர்கள் தொழுகைக்குப் பின் நிர்வாகிகளிடம் பெயர் கொடுங்கள்.

அல்லாஹ் நம் தொழுகையை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.